நீளமான அறிமுகமும் மகேஸ்வரியின் முட்டியும்

எலும்பு டாக்டர் வேலையில் எலும்பைச் சமாளித்துவிடலாம். எலும்பைச் சுற்றி நின்று கருத்துச் சொல்கிற கூட்டத்தைத்தான் சமாளிக்க முடியாது. அதிலும் ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு ‘மருத்துவ ஆலோசகர்’ என்று உங்களைப் போட்டுவிட்டார்களா, போச்சு! ஆலோசனை கேட்க மாட்டார்கள், சால்வை மட்டும் போடுவார்கள். என்னைப் போல எங்கேயாவது இப்படி மாட்டிக்கொண்டு முழிக்கிற சக டாக்டர்களே, பிசியோக்களே, இது உங்களுக்காக. இரண்டாயிரத்துகளின் நடுவில் காரைக்காலில் ஒரு பெண்கள் கபடிக் கழகத்துக்கு நான் ஆலோசகராக இருந்தேன். ‘இருந்தேன்’ என்பதைக் கவனியுங்கள்.

பலகையில் காலி இடம்

கழகத்தின் செயலாளர் கலியபெருமாள் சார், ரிட்டயர் ஆன பி.டி. மாஸ்டர். ‘பொண்ணுங்க டீமு, ஒரு லேடி டாக்டர் இருந்தா நல்லதுங்க’ என்று கூப்பிட்டார். நான் எலும்பு டாக்டர் என்பது அவருக்கு அப்புறம்தான் தெரியும். தெரிந்ததும் முகம் கொஞ்சம் சுருங்கிப் போனது. அதற்குள் நான் சரி என்றுவிட்டேன், அவராலும் பின்வாங்க முடியவில்லை.

ஆலோசகர்கள் மொத்தம் மூன்று பேர். முதலில் சென்னை டாக்டர். காரைக்காலில் பிறந்தவர், விளையாட்டு மருத்துவத்தில் பெரிய ஆள், வெளிநாட்டில் பயிற்சி எடுத்தவர், பெயருக்குப் பின்னால் எழுத்துகள் ரயில் மாதிரி நீளும். அடுத்து சவரி ஐயா. பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் அங்கே ராணுவ ஆஸ்பத்திரியில் பிசியோவாக இருந்த சொல்தா. கடைசியில் நான். பரிமளா, எம்.பி.பி.எஸ்., டி.ஆர்த்தோ., காரைக்காலில் சொந்த கிளினிக். கழகத்து வாசலில் பெயர்ப் பலகை எழுத வந்த பெயிண்டர், என் வரியை முடித்துவிட்டு பிரஷ்ஷோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இம்புட்டுதானாங்க? பாதிப் பலகை சும்மாக் கிடக்குதே, இன்னும் ஏதாச்சும் சேத்துச் சொல்லுங்க, இல்லாட்டி ஒரு பூவாச்சும் போட்டுடுறேன்!”

டாக்டர் எப்ப வருவாங்க?

சும்மாக் கிடந்த அந்தப் பாதிப் பலகையில் எதை எழுதுவது? கருக்களாச்சேரியிலிருந்து வந்த ஒரு படகுக்காரரை எழுதலாம். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணக் கயிற்றை இழுத்ததில் தோள் மூட்டு கழன்று, கையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கூட நாலைந்து ஆட்கள். என்னைப் பார்த்ததும், ‘டாக்டர் எப்பம்மா வருவாங்க?’ என்றார். நான்தான் டாக்டர் என்றேன். ‘இல்லம்மா, எலும்புக்கு...’ என்று இழுத்தார். எலும்புக்கும் நான்தான் என்றேன். வலியில் முகம் வெளுத்துப் போயிருக்கிறது, அப்போதும் மனுஷனுக்குச் சந்தேகம் தீரவில்லை! கூட வந்தவர்களில் ஒருவர் நாகப்பட்டினத்துக்கு வேன் பேசலாமா என்று வாசலுக்கே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு அவரைப் படுக்க வைத்து, ஊசி போட்டு, கையைப் பதமாக மடக்கி, சுழற்றிக் கொடுத்தேன். ‘டொக்’ என்று மூட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. இதற்குப் பலம் வேண்டாம், முறை தெரிந்தால் போதும். எத்தனை தடவை சொன்னாலும் ஒருத்தரும் நம்புவதில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து, என் கையையும் தன் தோளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, நீங்க எங்க போட்டுல வல இழுக்க வந்தீங்கன்னா எனக்கு ரெண்டு ஆளு மிச்சம்மா!”

சவரி ஐயா எழுந்து நின்றார்

கழகத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் ஆலோசகர்களை மேடையில் உட்கார வைத்து, யார் எங்கே படித்தார், எங்கே வேலை பார்த்தார் என்று கலியபெருமாள் சார் மைக்கில் வாசிப்பார். உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து நின்ற பிள்ளைகள், அறிமுகம் முடிவதற்குள் ஆறிப் போய்விடுவார்கள். சென்னை டாக்டர் பெரும்பாலும் வரமாட்டார், ஆனால் அவர் அறிமுகம் மட்டும் தவறாமல் வரும்.

ஒரு நாள் சவரி ஐயாவின் முறை. ‘அய்யா அவர்கள் பிரான்ஸ் ராணுவத்திலே, குண்டு மழைக்கு நடுவிலே...’ என்று சார் ஆரம்பித்தார். சவரி ஐயா விறைப்பாக எழுந்து நின்றார். சல்யூட் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

“நான் சண்டைக்குப் போகலீங்க, சண்டைக்குப் போயிட்டு வந்தவனுக்குக் கால் புடிச்சு விட்டவன், மெர்சி, நன்றி, ஆட்டத்த ஆரம்பிங்க.”

யார் சொல்வதைக் கேட்பது?

அறிமுகம் வெறும் அலங்காரம் என்று நான் நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு! ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. நான் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, கட்டுப் போட்டு நடக்கட்டும் என்றேன். சவரி ஐயாவும் அதையே சொன்னார். கலியபெருமாள் சார் சென்னைக்குப் போன் போட்டார். அங்கிருந்து, எதற்கும் மாவுக்கட்டுப் போட்டுவிடுங்கள் என்று பதில். பார்க்காத காலுக்கு மாவுக்கட்டு! கமிட்டி கூடியது, டீ குடித்தது, மாவுக்கட்டு என்று முடிவு செய்தது. காலைத் தொட்டுப் பார்த்தவள் நானல்லவா என்று சத்தம் போட்டேன். சார் கொஞ்சம்கூடக் கோபப்படாமல் எனக்கு விளக்கினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஆளுக்கொண்ணு சொன்னா நாங்க என்னா செய்யிறது, அறிமுகம் யாருக்கு நீளமோ அவுங்க சொல்றதுன்னு கமிட்டியில பேசி வச்சிருக்கோம்.”

முட்டி யாருடையது?

இப்போது சிரிப்பு வராத சமாச்சாரத்துக்கு வருகிறேன். மகேஸ்வரி எங்கள் டீமின் உயிர். கருக்களாச்சேரிப் பெண், அம்மா அஞ்சலை தருமபுரம் பக்கம் தெருத்தெருவாக மீன் கூடை சுமந்து விற்கிறவர். அந்தப் பெண் பாடிப் போனால் எதிராளிகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவு வேகம். இறுதிப் போட்டி நெருங்குகிறது. ஆட்டத்தைப் பார்த்து மாநில டீமுக்கு ஆள் எடுக்கப் புதுச்சேரியிலிருந்து வருகிறார்கள். டீமில் சேர்ந்தால் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று வீட்டில் எல்லாரும் கனவு கண்டுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பயிற்சியில் முட்டி திருகிக்கொண்டது.

படுக்க வைத்து, முட்டியை மடக்கி, காலை முன்னால் இழுத்துப் பார்த்தேன். பூட்டு உடைந்த மேசை டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. முட்டிக்குள் குறுக்கே ஓடுகிற லிகமென்ட் அறுந்துவிட்டது. தஞ்சாவூர் ஸ்கேனும் அதையே சொன்னது. வீக்கம் வற்றிவிட்டால் நேராக நடக்கலாம். ஆனால் சட்டென்று திரும்பினால் முட்டி மடங்கும், உள்ளே இருக்கிற ஜவ்வும் கிழியும், அப்புறம் ஆயுசுக்கும் நொண்டல்தான். ஆபரேஷன் செய்துகொண்டு அடுத்த சீசன் ஆடு, இப்போது ஆடக்கூடாது என்றேன். கலியபெருமாள் சார் வழக்கம் போலச் சென்னைக்குப் போன் போட்டு, வீக்கம் வற்றிவிட்டது என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார். ஊசி போட்டுக்கொண்டு ஆடலாம் என்று பதில் வந்துவிட்டது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அஞ்சலை என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகேஸ்வரி அழவில்லை, என்னை முறைத்தாள்.

“முட்டி என்னுது டாக்டர், ஆடாம இத வச்சு நான் என்னா பண்ணப் போறேன், எங்கம்மா மாதிரி கூடதான தூக்கப் போறேன்?”

ஒரு வரி அறிமுகம்

இறுதிப் போட்டிக்குச் சென்னை டாக்டர் நிஜமாகவே வந்துவிட்டார். அவர் அறிமுகம் வாசித்து முடிக்கையில் மைதானத்தில் நிழல் நீண்டுவிட்டது. மகேஸ்வரி ஜெர்சி போட்டு, முட்டியில் கட்டோடு கோட்டோரம் நிற்கிறாள். மேடைக்குப் பின்னால் ஊசி தயாராக இருக்கிறது. கலியபெருமாள் சார் மைக்கை என்னிடம் நீட்டி, ‘உங்களுது ஒரு வரிதானம்மா, நீங்களே சொல்லிடுங்க’ என்றார். வாங்கினேன். இப்படி ஒரு வாய்ப்பை விடுவேனா!

‘பரிமளா, எம்.பி.பி.எஸ்., டி.ஆர்த்தோ. அறிமுகம் முடிஞ்சுது’ என்றேன். கூட்டம் கைதட்டியது. சென்னை டாக்டர் பக்கம் திரும்பினேன். ‘சார், உங்க அறிமுகம் முழுசும் கேட்டேன், எல்லாமே பெருமைதான். ஒண்ணு மட்டும் அதுல இல்ல. ஊசி போட்டு ஆடலாம்னு நீங்க சொன்ன கால நீங்க இன்னும் தொடல. கீழ வாங்க, தொட்டுப் பாருங்க. பாத்துட்டும் ஆடலாம்னு சொன்னீங்கன்னா இந்தச் சால்வைய மடிச்சுக் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போறேன்.’ கலியபெருமாள் சார் மைக்கைப் பிடுங்க வந்தார், சவரி ஐயா நடுவில் போய் நின்றுகொண்டார். நான் மைக்கை விடவில்லை.

சென்னை டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார். மண் தரையில் மகேஸ்வரியைப் படுக்க வைத்துக் காலை இழுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ‘இது அறுந்திருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலியே’ என்று முணுமுணுத்தார். அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்து, ‘இன்னைக்கு வேண்டாம்மா, நானே வந்து ஆபரேஷன் பண்ணித் தர்றேன்’ என்றார். அவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் உடைந்து அழுதாள். நானும் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? கலியபெருமாள் சார் மைக்கை வாங்கிக்கொண்டு, அதே கம்பீரத்தோடு அறிவித்தார்.

“நமது சென்னை டாக்டர் ஐயா அவர்கள், முட்டியிலே உள்ள கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள், பலத்த கரகோஷம் கொடுங்கள்!”

அடுத்த சீசன்

அன்றைக்குத் தோற்றோம். ஊரில் பாதிப் பேர் என்னால்தான் தோற்றோம் என்றார்கள். மேடையில் மரியாதைக் குறைவாகப் பேசியதற்காகக் கமிட்டி பலகையில் என் பெயரை வெள்ளைப் பெயிண்ட் அடித்து மறைத்தது. அடிக்கட்டும்! ஆபரேஷன் நடந்தது, சொன்னபடி சென்னை டாக்டரே செய்தார், நான் கூட நின்றேன். அப்புறம் சவரி ஐயா கருக்களாச்சேரிக் கடற்கரை மணலில் அவளை ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற மாதிரி நடக்க வைத்தார், ஓட வைத்தார். என்னிடம் மட்டும் மகேஸ்வரி ரொம்ப நாள் பேசவில்லை. செக்கப்புக்கு வருவாள், காலை நீட்டுவாள், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த சீசன் முதல் ஆட்டம். புதுச்சேரிக்காரர்கள் திரும்ப வந்திருந்தார்கள். பலகையில் பெயர் இல்லாதவளுக்கு மேடையில் என்ன வேலை என்று நான் ஜனங்களோடு ஜனமாகக் கோட்டோரத்தில் உட்கார்ந்தேன். மகேஸ்வரி பாடிப் போனாள், தொட்டாள், சட்டென்று திரும்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டுத் திறந்தால் அவள் எங்கள் பக்கம் வந்து நிற்கிறாள், முட்டி நிற்கிறது! இடைவேளையில் கலியபெருமாள் சார் என்னைப் பார்த்துவிட்டு, புதுச்சேரிக்காரர்கள் இருக்கிறார்களே என்று வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, ‘என்னாங்கம்மா கீழ உக்காந்துட்டீங்க, மேடைக்கு வாங்க’ என்று கையைப் பிடித்தார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மகேஸ்வரி சொம்பைக் கீழே வைத்தாள்.

“அவுங்க இங்கயே இருக்கட்டும் சார், விழுந்தா எனக்குக் கிட்ட வேணும்.”

பலகையில் பெயர் போனால் போகட்டும், கோட்டோரத்தில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது. என்ன, அங்கே வெயில்தான் கொஞ்சம் ஜாஸ்தி.