சூரன்போர் அன்று என் முதல் சண்டை

எங்கள் கிளப் சுவரில் ஒரு பழைய படம் தொங்கியது. நூறு வருடத்துக்கு முந்திய அமெச்சூர் குத்துச்சண்டைக்காரர். முறுக்கிய மீசை, முழங்கால் வரை காற்சட்டை. பகலில் லா சப்பல் ரயில் முற்றத்தில் மூட்டை இறக்கிவிட்டு மாலையில் கையுறை மாட்டுவாராம். "வென்றதைவிடத் தோற்றதுதான் அதிகம். ஆனால் ஒரு சண்டைக்கும் வராமல் விட்டதில்லை" என்று பயிற்சியாளர் பிரெஞ்சில் சொல்வார். அந்த மீசையைப் பார்த்தாலே எனக்கு உற்சாகம் தொற்றிக்கொள்ளும்.

என் முதல் சண்டைக்குப் பக்கத்து நகரான சென் தெனியில் நாள் குறித்தார்கள். பெண்பிள்ளை முகத்தில் குத்து வாங்குவதா என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"சண்டை சூரன்போர் அண்டைக்குத்தானே வருது? கந்தசஷ்டி முழுக்க என்னோடை விரதம் பிடி. பிறகு போய் அடிபடு. விரதம் முறிஞ்சா சண்டையும் இல்லை."

ஓம் என்றேன். இரவில் மட்டும் பாலும் பழமும். கடைசி நாளான சூரன்போர் அன்று பச்சைத் தண்ணீர்கூட இல்லை. பயிற்சியாளரிடம் மூச்சு விடவில்லை.

சண்டை நாள் நிறை பார்த்தார்கள். எல்லோரும் நிறை கூடிவிட்டதே என்று அழும் இடத்தில், நான் ஒருத்திதான் நிறை குறைந்து தராசில் நின்றேன். என் பிரிவுக்கு அந்த நிறை காணாதாம், ரிங்கில் ஏற்ற முடியாதாம். விரதக் கதையைக் கேட்ட பயிற்சியாளர் தலையில் கை வைத்தார். "நிறை பார்த்து முடிவதற்குள் எதையாவது சாப்பிட்டுவிட்டு ஓடி வா!"

சாப்பிட்டால் விரதம் போச்சு. விரதம் போனால் அம்மா விடமாட்டார். அழுகையும் ஆத்திரமுமாக, மண்டப வாசலில் காத்திருந்த அவரிடம் ஓடினேன்.

அம்மா பையைத் திறந்தார். மாலையில் கோயிலில் படைக்க வைத்திருந்த வாழைப்பழச் சீப்பும் பால் போத்தலும் உள்ளே இருந்தன. ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து என் வாயில் திணித்தார்.

"அம்மா, விரதம்..."

"கதையாதை, விழுங்கு! போர் நாளிலை போருக்குப் போகாமல் நிண்டா முருகனுக்கே பிடிக்காது."

சீப்பு முடிந்தது. பாலும் முடிந்தது. மறுபடி ஏறினேன், தராசு சரி என்றது. நானும் பயிற்சியாளரும் கத்திய கத்தலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

மணி அடித்தது. வயிற்றில் பால் குலுங்கியது. எதிரே நின்ற, ஸ்தேன் ஊர்க் கிளப்பிலிருந்து வந்தவள் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டாம் சுற்றில் மூக்கில் நன்றாக வாங்கினேன். அப்போது கேட்டது ஒரு குரல்: "கையை மேலை தூக்கடி!" கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன் என்று சொல்லி வந்த அம்மா, கதிரையில் ஏறி நின்றார். தூக்கினேன். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பப்பா, என்ன சந்தோஷம்!

புள்ளியில் அவளே வென்றாள். எனக்கோ கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆனாலும், இதோடு சரி என்று அம்மா சொல்லிவிடுவாரோ என்று உள்ளுக்குள் பதறினேன்.

அம்மா என் மூக்கைத் துடைத்தார். அவருடைய உதடு காய்ந்து வெடித்திருந்தது; பழத்தையும் பாலையும் எனக்குத் தந்தவர் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொடவில்லை.

"வாற சஷ்டிக்கு நீ வடிவாச் சாப்பிட்டிட்டுப் போய் அடிபடு" என்றார். "உனக்கும் சேர்த்து நான் விரதம் பிடிக்கிறன்."