கறுப்பிக்கு மூன்று சொந்தக்காரர்கள்

இம்மாதிரி நினைவு மலர்களில் “எல்லோரையும் மன்னித்தவர்” என்று எழுதுவது வழக்கம். எங்கள் அம்மா எல்லோரையும் மன்னித்தவர் அல்லர். மகளான நான் பொய் எழுதினால் அவர் ஆத்மா சாந்தி அடையாது.

அம்மா கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். அப்பா சீக்கிரமே போய்விட, கறுப்பி என்ற ஒரே கறவை மாட்டை வைத்து என்னையும் தம்பியையும் வளர்த்தார். பாலில் தண்ணீர் கலக்காதவர் என்பதால் வாய் கொஞ்சம் நீளம்.

பெருவெள்ளம் வந்த காலையில் கறுப்பியின் கயிற்றை அவிழ்த்துவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு ஓடினார். கறுப்பியை ஆறு கொண்டுபோயிற்று. மாடு இழந்தவர்களுக்கு அரசு நிவாரணம் உண்டு, ஆனால் செத்த மாட்டைக் காட்ட வேண்டும் என்று முகாமில் சொன்னார்கள். பணம் வந்தால் இன்னொரு மாடு. வராவிட்டால் வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான்.

தண்ணீர் வடிந்ததும் பாலத்தடிச் சேற்றில் கறுப்பி கிடப்பதாகச் சேதி வந்தது. அம்மா போய்ச் சேர்வதற்குள் எங்கள் வட்டச் செயலாளர் தன் ஆட்கள் மூவரை மாட்டுக்குச் சொந்தக்காரர்களாக அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து முடித்திருந்தார். ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் வால்பக்கம், செயலாளருடைய மச்சான் கொம்பைப் பிடித்தபடி. அந்த மச்சான் ஆயுளில் ஓர் ஆட்டுக்குட்டிகூட வளர்த்ததில்லை.

“இன்னா சார் இது, எங்க கறுப்பி சார்! நெத்தில வெள்ளச் சுழி கீது பாரு” என்றார் அம்மா.

“அதெல்லாம் எழுதியாச்சும்மா” என்றார் நிவாரணக் கணக்கெடுக்க வந்த அதிகாரி. பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு, “மாட்டுக்காரங்க யாரு? இத்த எடுத்துப் புதைங்க” என்றார்.

திரும்பிப் பார்த்தால் மூவரையும் காணோம். செயலாளருக்கு அவசர வேலை வந்துவிட்டது. வெட்கம் கெட்டவர்கள்.

“நான் எடுக்கறேன். என் மாடுன்னு எழுதுவியா?”

“நீ எடும்மா, அப்பால பாக்கலாம்.”

அந்த அப்பால அம்மா கண்மூடும்வரை வரவில்லை. பக்கத்துக் குடிசை அந்தோணி மாமாவும் அவர் பிள்ளைகளும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி கொண்டுவந்தார்கள். அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கறுப்பியைப் புதைத்தார். பிறகு அடையாறு வீடுகளில் பாத்திரம் தேய்த்தே எங்களைப் படிக்க வைத்தார்.

கரையைக் காலி செய்து எங்களையும் மாமா குடும்பத்தையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் போட்டார்கள். நாலாவது மாடியில் மாடு கட்ட முடியுமா? பாக்கெட் பாலைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, “தண்ணிக்குக் கவர் போட்டு விக்கிறான்” என்று கரித்துக் கொட்டுவார்.

சென்ற வாரம் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். வாசலில் பெரிய பேனர்: “எங்கள் அன்புச் சகோதரிக்கு அஞ்சலி.” அம்மா படம் தபால்தலை அளவு, செயலாளர் படம் ஆள் உயரம். மாலையோடு வந்தார், தலைமாட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டார். லிஃப்ட் ஓடவில்லை, தோள் கொடுக்க வேண்டும் என்றதும் வெள்ளை வேட்டி ஒன்றுகூடப் படிக்கட்டில் இல்லை.

அன்னாருக்கும் எங்கள் நன்றி. கறுப்பியின் கதையை அம்மா எவ்வளவு சொல்லியும் நம்பாதவர்கள் அன்று நம்பினார்கள்.

முழங்கால் வலியோடு முன்பக்கம் பிடித்தவர் அந்தோணி மாமா. அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் நன்றி என்ற சொல் போதாது. நான் அழுததைப் பார்த்து அவர் சொன்னார்:

“அழாத கண்ணு. கறுப்பியத் தூக்குன கை இது. உங்கம்மா இன்னா கனமா?”