பொட்டு வைத்த பிராக்கெட்டுகள்

ஆயுத பூஜை லீவு முடிந்து காலையில் கம்பெனியைத் திறந்தோம். பயணிகள் விமானத்துக்காக நாங்கள் செய்து முடித்த முதல் லாட் அலுமினிய பிராக்கெட்டுகள் மேசையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். அன்றைக்குத்தான் சரக்கைச் சோதிக்க விமானக் கம்பெனியின் ஆடிட்டர் பெங்களூரிலிருந்து வருகிறார்.

பெரம்பலூரில் எங்கள் பட்டறை அதுவரை அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துவந்தது. அங்கே பொட்டு வைத்து அனுப்பினால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். விமான வேலை வந்தது அரசாங்கத்தின் புண்ணியத்தில். நம் நாடு இத்தனை விமானம் வாங்குகிறதே, கொஞ்சம் பாகங்களையாவது இங்கே செய்து வாங்குங்கள் என்று வெளிநாட்டு விமானக் கம்பெனிகளை நெருக்குகிறார்கள். கூலி குறைவு என்று அவர்களும் வருகிறார்கள். ஆனால் அலுமினிய பிளேட் அவர்கள் சொல்லும் ஆலையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். வீணானால் நஷ்டம் நம் தலையில். முதலாளி சிவசாமி ஆண்டிமடத்து முந்திரித் தோப்பை விற்று மெஷின் வாங்கியிருந்தார். இந்த லாட் தேறாவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

"துடைச்சுடு தனம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

குவாலிட்டி இன்சார்ஜ் நான். "துடைக்கலாங்க. துடைச்சோம்னு ரிப்போர்ட்ல எழுதணும். எழுதாம கையெழுத்துப் போட மாட்டேன்."

என்னை முறைத்தார். கையிலிருந்த துணியை மேசையில் போட்டார். "சரி, அப்படியே இருக்கட்டும். வர்றவரு பாத்துட்டுச் சொல்லட்டும்."

ஆடிட்டர் ஒரு பிராக்கெட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"குங்குமத்துல என்னென்ன கலந்திருக்கு?"

எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"எனக்கும் தெரியாது. நாளைக்கு இது அலுமினியத்த அரிச்சா யார் பதில் சொல்றது? மொத்தமும் ஸ்க்ராப்."

"சாமி கும்புட்டு வச்ச பொட்டு சார்," என்றார் முதலாளி.

"டிராயிங்ல இல்லையே சார்."

ஸ்க்ராப் செய்வதென்றால், யாரும் திருட்டுத்தனமாக விற்க முடியாதபடி ஒவ்வொரு பீஸையும் இரண்டாக அறுக்க வேண்டும். பூஜை போட்ட பொருளை அறுக்க ஆட்கள் மறுத்துவிட்டார்கள். முதலாளியே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டு, கட்டிங் மெஷின் முன்னால் நின்றார்.

"சார், சேஃப்டி ஷூ," என்றார் ஆடிட்டர்.

மறுபடி மாட்டிக்கொண்டு அறுத்தார். அறுக்க அறுக்க அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். ஆடிட்டர் கடைசி பீஸ் வரை நின்று பார்த்தார். காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். ஆர்டர் போய்விட்டது என்றே நினைத்தோம்.

சில நாள் கழித்து அவரே போன் செய்தார். அடுத்த லாட்டுக்கு பிளேட் அனுப்பியாயிற்றாம். முதலாளியால் நம்ப முடியவில்லை.

"ரிஜெக்ட் பண்ணிட்டுப் போனீங்களே சார்?"

"பீஸைத்தானே ரிஜெக்ட் பண்ணேன்."

அந்த வருஷம் எங்களுக்கு லாபமே இல்லை. ஆனால் ஆர்டர் எங்களிடமே இருந்தது. நான் ரிட்டயர் ஆன பிறகு, விமான வேலை எடுக்க ஆசைப்படும் பட்டறைக்காரர்கள் என்ன மெஷின் வாங்கலாம் என்று என்னிடம் கேட்க வருகிறார்கள். நல்ல பீஸைத் தன் கையாலேயே அறுக்கத் தைரியம் இருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன்.