பூனைக்குத் துப்பத் தெரியாது

எங்கள் வீட்டுச் சாம்பல் பூனைக்குத் தெள்ளு பிடித்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மூட்டைப்பூச்சிக்குப் பஞ்சமில்லை, ஆனால் தெள்ளு புதிது. பூனை உட்கார்ந்த இடத்திலெல்லாம் கடுகு தெறிப்பதுபோலத் துள்ளியது. தொட்டிலில் கிடந்த தம்பியின் காலில் சிவப்பாகத் தடிப்புகள் கிளம்பியதும் அப்பாவுக்குப் பொறுமை போயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் தெள்ளு ஒழியாவிட்டால் பூனையைச் சாக்கில் கட்டி எரியோடு என்கிற ஊருக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். நான் அழுத அழுகையில் தம்பியும் சேர்ந்துகொண்டான்.

மருந்துக்கா குறைச்சல்? மூட்டைப்பூச்சிக்கு வாங்கிய டி.டி.டி. பவுடர் டப்பா இருக்கிறது, இரண்டு பிடி தூவினால் போதும் என்றார் அப்பா. புகையிலைக் கிட்டங்கியில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதைக் கேட்டுச் சிரித்தார். மாமாவுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. தெரியாவிட்டாலும் ஒத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. புகையிலைக் காம்பு ஊறின தண்ணீருக்கு மாட்டு உண்ணியே உதிரும், தெள்ளு எம்மாத்திரம் என்று மறுநாளே ஒரு சட்டி கொண்டுவந்து இறக்கினார். பூனை தப்பித்தது என்று நான் மாமா கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகைக் கீழே வைத்தாள்.

“பூன ஒடம்ப நக்குமேப்பா. மொதல்ல நீ நக்கிக் காட்டு.”

மாமா அசரவில்லை. தினமும் புகையிலை போடுகிற வாய்க்கு இதெல்லாம் பாயசம் என்று ஒரு கரண்டி வாயில் ஊற்றிக் கொப்பளித்து, துப்புவதற்கு முற்றத்துப் பக்கம் திரும்பினார்.

“துப்புனா ஆச்சா? பூனைக்குத் துப்பத் தெரியாதுல்ல,” என்றாள் அம்மா.

வீம்புக்கு ஒரு மடக்கை விழுங்கிவிட்டார். சற்று நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து, குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்து, தூணோரம் சுருண்டு படுத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்போடு என் பழைய குறையையும் சபையில் வைத்தேன்.

“எங்க மருந்தயும் அம்மாதான் மொதல்ல குடிக்கும்.”

உண்மைதான். சளிக்கு வாங்கும் இனிப்பு மருந்தில்கூட முதல் கரண்டி அம்மாவுக்குத்தான். எல்லாரும் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா முனகுவதை நிறுத்திவிட்டார். அப்பா பவுடர் டப்பாவை எடுத்துப் பரணில் கண்மறைவாக வைத்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அப்பாவே பூனையின் காலைப் பிடித்துக்கொண்டார். அம்மா என் பேன்சீப்பால் வாரி வாரித் தெள்ளுகளைச் சோப்புத் தண்ணீரில் தட்டினாள். பூனை படுத்த சாக்கையும் தொட்டில் துணியையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டாள். வெள்ளிக்கிழமை வந்தபோது தெள்ளு முழுக்க ஒழிந்திருக்கவில்லை. ஆனாலும் அப்பா பூனையைச் சாக்கில் கட்டுகிற பேச்சை எடுக்கவில்லை. பேன்சீப்பு மட்டும் பூனைக்கே சொந்தமாகிவிட்டது.

எனக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்தான் என்பதும், காய்ச்சலுக்கு என்று யாரோ கொடுத்த ஒரு கரண்டி மருந்தோடு போய்விட்டான் என்பதும் எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது. கேட்ட அன்று வெகுநேரம் அழுதேன். ஆனால் மாமா சுருண்டு கிடந்த அந்த நாளில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இனிப்பு மருந்தில் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆசை அதிகம் என்பதுதான்.