மொத்தச் சந்தையின் நாக்கு

சந்தையில் அவரை எல்லோரும் 'நாக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. லாரியிலிருந்து ஆப்பிள் இறங்கியதும் பெட்டிக்கு ஒன்றை எடுத்துக் கீறி, ஒரு துண்டை மென்று துப்பிவிட்டு, "முதல் தரம்", "ரெண்டாந்தரம்", "ஜூஸுக்கு அனுப்பு" என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சொல்லுக்கு அப்பீல் கிடையாது. மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. விருந்துக்குப் போன இடத்தில்கூடப் பழத்தட்டைப் பார்த்து முகம் சுளிப்பார்.

மூன்று வருஷமாக, வெளியே மரங்கள் பூக்கும் மாதங்களில் அவருக்கு அடுக்குத் தும்மல் வந்தது. அதை யார் சட்டை செய்தார்கள்? இந்த வருஷம் அது தும்மலோடு நிற்கவில்லை. ஆப்பிள் துண்டு பட்டதுமே உதடு தடித்தது, நாக்கும் அண்ணமும் அரித்தன, காதுக்குள்ளே சொறிய முடியாத இடத்தில் ஒரு நமைச்சல்.

"உங்களைத் தும்ம வைக்கிற அந்த மரத்தோட மகரந்தமும் இந்தப் பழமும் உங்க உடம்புக்கு ஒண்ணாத்தான் தெரியுது," என்றார் டாக்டர் அம்மா. "வேகவச்சா பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. பச்சையாத் தொடாதீங்க. தொண்டை அடைக்கிற மாதிரி இருந்தா உடனே ஓடி வந்துடுங்க."

"பொழப்பே அதுதாங்க, டாக்டர்."

அதற்கு அந்த அம்மாவிடம் மருந்து இல்லை.

வேகவைத்தால் ஒன்றும் பண்ணாது என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆபீஸ் அறையில் சாப்பாடு சூடு பண்ணும் மைக்ரோவேவ் ஒன்று இருந்தது. பழத்துண்டை உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுபோய், வேகவைத்து, மென்றுவிட்டு வந்து தரம் சொன்னார். அரிக்கவில்லை. பிழைத்தோம் என்று நினைத்தார், பாவம். வெந்த ஆப்பிள் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். எது நறுக்கென்று கடிபடும், எது மாவாய்ப் போயிருக்கும் என்று எந்த நாக்காலும் சொல்ல முடியாது. இது அவருக்குத் தெரியாதா? தெரியும். பயம், வேறென்ன.

எட்டாம் நாள், 'முதல் தரம்' என்று போன லாரி அப்படியே திரும்பி வந்தது. அத்தனையும் மாவு.

முதலாளி சத்தம் போடவில்லை. ஒரு பழத்தைக் கீறி நீட்டினார். "இதைச் சாப்பிட்டுச் சொல்லுங்க."

சுமை இறக்குகிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கி வாயில் போட்டார். வீம்புக்குத் துப்பாமல் விழுங்கினார். தரம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உதடு வீங்கி, கண்ணில் நீர் கொட்டியது.

"என்னய்யா இது? எத்தனை நாளா?"

முதலாளியே காரில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். திரும்பும்போது, "நாளையிலேருந்து வாசல்ல நில்லுங்க. வர்ற லாரி நம்பரை எழுதினாப் போதும்," என்றார். நல்ல மனிதர்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"உசுரு இருக்கே, அது போதாதா?" என்றாள் மனைவி. போதவில்லை. அதை அவளிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் வாசலில் நோட்டும் பேனாவுமாக நின்றார். முதல் லாரி உள்ளே போன கொஞ்ச நேரத்தில் யாரோ கத்தினார்கள்: "நாக்கு! சீக்கிரம் வாப்பா, பெட்டி இறங்கிடுச்சு!"

"இதோ வந்துட்டேன்," என்று பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார். அதற்குள் நேற்றுவரை வெங்காய மண்டியில் இருந்த பையன் ஒருவன் பழம் கீறும் கத்தியோடு அவரைத் தாண்டி ஓடினான். இத்தனை வருஷத்தில் தன்னை யாரும் 'வாப்பா' என்று கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்து, அடுத்த லாரியின் நம்பரை எழுதினார்.