இராக்கம்மாவின் குதிகால்

பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இருக்கும் சிவஞானம், ஆயுளில் பாதியைத் தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கிக் கழித்தவர். வீட்டில் ஒரு கோப்பையைக்கூட எடுத்து வைத்ததில்லை. போன வருடம் அவர் மனைவி இராக்கம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் குறையவில்லை. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் மகள் கம்சலாவின் வேலையாயிற்று.

கம்சலா பேராதனையில் சிவில் இன்ஜினியரிங் முடித்துப் பதுளையில் வேலை பார்த்தவள்; அம்மா விழுந்ததும் வேலையை விட்டுவிட்டாள். மழைக்குச் சரியும் மலைகளைப் பற்றி மேலே படிக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். கைக்காசில் நடக்காது. அதனால் கண்ட இடத்துக்கெல்லாம் விண்ணப்பிக்காமல், அந்த ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்களுக்கு முதலில் மின்னஞ்சல் எழுதினாள். பலர் பதிலே போடவில்லை. கனடாவில் ஒருவர் வீடியோவில் பேசிப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கச் சொன்னார். இடமும் கிடைத்தது. அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்தால் படிப்புக் கட்டணமும் மாதச் செலவும் ஆய்வு நிதியிலிருந்து வரும். ஆனால் அந்த நிதி இந்த வருடத்துக்கு மட்டுமே. இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ள வழியில்லை. இரண்டு வாரத்தில் பதில் வேண்டும்.

அம்மாவை விட்டு வர முடியாது என்று அவள் பதில் எழுதி வைத்தாள். அனுப்பத்தான் இல்லை. அன்று மாலை சிவஞானம் என் வீட்டுக்கு வந்தார். சைப்ரஸில் பல வருடம் படுக்கையில் கிடந்தவர்களைப் பராமரித்தவள் நான்.

“நான் பாத்துக்கிறேன்னா புள்ள சிரிக்குது அக்கா.”

“சிரிக்காம? ஒரு நாளாவது இராக்கம்மாவக் குளிப்பாட்டியிருக்கியா?”

“இல்லீங்க.”

“காலையில வாரேன். நகத்த வெட்டிட்டு இரு.”

முதல் நாள் அவர் மனைவியின் அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கப் பார்த்தார்.

“என்னய லொறியில ஏத்தப் போறாரா?” என்றாள் இராக்கம்மா.

முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, தன் பக்கமாக உருட்ட வேண்டும். முதுகுக்குத் தலையணை கொடுக்க வேண்டும். எலும்பு முட்டும் இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். சொன்னேன், செய்யவும் வைத்தேன். பக்கத்து வீட்டு அங்கம்மா, எல்லாரும் துணி துவைக்கும் பீலித் தண்ணீரடியில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“பொண்டாட்டி சேலைய ஆம்பள தொவைக்கிறத இன்னைக்கித்தான் பாக்குறேன்.”

“நல்லாப் பாத்துக்க. நாளைக்கும் வருவேன்.”

கம்சலா மட்டும் நம்பவில்லை. “ரெண்டு நாளைக்குச் செய்வாரு பெரியம்மா. அப்புறம்?”

“நீ பக்கத்துல நின்னா அது எப்படித் தெரியும்? ஷிப்னா வீட்டுல போய் நாலு நாள் இருந்துட்டு வா.”

ஷிப்னா அவளோடு பதுளையில் வேலை செய்தவள். கம்சலா போனாள். அந்த நான்கு நாளும் நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

பதிலுக்குக் கடைசி நாள் திரும்பி வந்தாள். நானும் கூடப் போனேன். பையைக்கூட இறக்காமல் அம்மாவைத் திருப்பி முதுகு, இடுப்பு, கால் எல்லாம் பார்த்தாள். இடது குதிகாலில் சிவப்பாக ஒரு வட்டம்.

“பாத்தீங்களா பெரியம்மா?”

“காலையில நானும் பாத்தேன்,” என்றார் சிவஞானம். “அதுதான் கெண்டைக்காலுக்குத் தலகாணி வச்சு, குதிகால் படாமத் தூக்கி வச்சிருக்கேன். மொதல்ல இன்னும் செவப்பா இருந்துச்சு.”

நான் விரலால் அழுத்தினேன். வெளுத்து, மறுபடி சிவந்தது. புண்ணாகவில்லை. சிவப்பு யாருக்கும் வரும். அதை அன்றைக்கே கண்டுபிடிக்க ஆள் வேண்டும். இந்த வீட்டில் ஆள் இருந்தார். அதைத்தான் கம்சலாவிடம் சொன்னேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து பழைய பதிலை அழித்தாள். வருகிறேன் என்று புதிதாக எழுதி, அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

“அனுப்பிட்டு எந்திரிடி,” என்றாள் இராக்கம்மா. “அவரு என்னயத் திருப்புற நேரம்.”

சிவஞானம் கை கழுவப் போயிருந்தார்.