காற்றில் சாய்ந்த பலாவும் அஞ்சலையின் நிலைவாசலும்

1

2012இல் எங்கள் டிரஸ்ட், தானே புயலில் வீடு இழந்தவர்களுக்குக் குறிஞ்சிப்பாடி பக்கம் வீடு கட்டிக் கொடுத்தது. மெட்டீரியல் வாங்கும் பொறுப்பு என்னுடையது. ஆபீஸ் மஞ்சக்குப்பத்தில். மர விஷயத்தில் ஒரே ஒரு விதிதான்: உயிரோடு நிற்கும் மரத்தை வெட்டக் கூடாது. வெட்ட அவசியமும் இல்லை. வேரோடு விழுந்த பலா ஊரெல்லாம் கிடந்தது. அதை வாங்கி, சிதம்பரம் சா மில்லில் அறுத்து, நிழலில் காயப்போட்டு, நிலையும் ஜன்னலும் செய்தோம். நல்ல வைரம் பாய்ந்த மரம்.

முதல் வீட்டுக்கு வாசக்கால் வைக்கும் நாள். வீட்டுக்காரி அஞ்சலை மஞ்சள் குங்குமத் தட்டோடு வந்தாள். ஆசாரியிடம் மரத்தைப் பற்றி விசாரித்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"காத்துல சாஞ்ச மரமா? ஜன்னலுக்குப் போட்டுக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல. நெலைக்கு ஆவாது மேடம். குடும்பம் தங்காது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, அவள் மேல் அல்ல, ஆசாரி மேல். அவருக்கும் அதே நம்பிக்கைதான். அத்தனை நாள் இழைத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால், "நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்கிறார்.

கான்ட்ராக்டர் நடுவில் வந்தார். "விடுங்க மேடம். நெலைக்கு மட்டும் பழைய வூடு இடிச்ச மரம் ரெடி பண்றேன். டென்ஷன் ஆவாதீங்க."

நம்பினேன்.

2

அடுத்த வாரம் வேறு வேலையாக மில்லுக்குப் போனேன். கான்ட்ராக்டர் பேர் எழுதின அடிமரம் ஒன்று பட்டையோடு கிடந்தது. தொட்டேன். பலாப் பால் விரலில் பிசுக்கென்று ஒட்டியது. இடித்த வீட்டு மரத்தில் ஏது பால்? புயலில் விழுந்த மரத்திலும் அதற்குள் காய்ந்திருக்கும். அதை ஏற்றி வந்த லாரிக்காரரை மடக்கி எந்தத் தோப்பு என்று கேட்டு, நேரே அங்கே போனேன்.

கலியமூர்த்தி என்ற விவசாயியின் தோப்பு. புயலுக்குத் தப்பியவை இரண்டே பலா. ஒன்று இப்போது அடிக்கட்டை. இன்னொன்றில் வெட்டுவதற்குச் சுண்ணாம்பு அடையாளம்.

"உங்க டிரஸ்ட்லதான் கேட்டாங்கன்னு கான்ட்ராக்டரு சொன்னாரும்மா. வூடு போனவங்களுக்குன்னா எப்பிடி இல்லைங்கறது? எங்களுக்கு வருமானமே இந்த ரெண்டு மரந்தான்."

கான்ட்ராக்டருக்கு போன் போட்டேன். "நிக்கற மரந்தான் வேணும்னு வூட்டுக்காரங்க கேக்கறாங்க. நான் என்ன மேடம் பண்றது?" பொய் சொல்லி மாட்டிக்கொண்ட கூச்சம் துளியும் இல்லை. எங்கள் டிரஸ்ட் மேனேஜரோ, "ஒரு மரத்துக்கு இவ்ளோ சத்தமா? ஓப்பனிங் டேட் குடுத்தாச்சும்மா" என்றார். கத்தினேன். அந்த மரத்தில் நிலை வந்தால் எந்த பில்லிலும் என் கையெழுத்து இருக்காது என்றேன்.

அதே சூட்டோடு அஞ்சலையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"காய்க்கிற மரத்த வெட்டுங்கன்னு நான் எப்ப சொன்னேன்? சிமெண்டு நெலை வைங்க, போதும்."

அவ்வளவுதான். மற்ற வீட்டுக்காரர்களும் சிமெண்ட் நிலைக்கு ஒத்துக்கொண்டார்கள். புயலில் விழுந்த பலா முழுக்க ஜன்னலுக்குப் போனது. சுண்ணாம்பு பூசிய மரம் பிழைத்தது. அவளை முதலிலேயே ஒருவர் கேட்டிருந்தால் இரண்டும் நின்றிருக்கும்.

3

திறப்பு விழாவுக்குக் கலியமூர்த்தியைக் கூப்பிட்டிருந்தேன். வாசலில் மேனேஜர் புது போர்டு மாட்டியிருந்தார்: "இவ்வீடுகளுக்காக ஒரு மரமும் வெட்டப்படவில்லை." கலியமூர்த்தி அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். என்னிடம் திரும்பினார். குரலில் கோபம்கூட இல்லை.

"அப்ப எங்க மரத்த என்னம்மா பண்ணாங்க?"

மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பேனர் வாங்கி போர்டைக் கழற்றினேன். வந்திருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மரம் எங்கிருந்து வந்தது என்று மில்லில் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். தோப்புக்குப் போங்கள். மரத்துக்குச் சொந்தக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அதன் பிறகு போர்டில் என்ன எழுதலாம் என்று யோசியுங்கள்.